கப்பல் பேரைச் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் கடை வாடகையைப் பேசலாம்

கேள்வி: பத்தமடையில் பன்னிரண்டு பெண்கள் மகளிர் குழுவாகச் சேர்ந்து கோரைப்பாய் நெய்கிறோம். இந்த சீசனில் தூத்துக்குடி துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல்கள் வரிசையாக வரப்போவதாகவும், உள்ளேயே கடை பிடித்துத் தருவதாகவும் ஒருவர் வந்து பேசினார். கடைக்கு ரூ.45,000, ஏற்றுமதி லைசென்ஸுக்கு ரூ.18,000 கேட்கிறார். கடன் வாங்கியாவது 200 பாய் நெய்து வையுங்கள் என்கிறார். முன்பணமாக ரூ.5,000 கொடுத்துவிட்டோம். மீதியைக் கட்டலாமா ஐயா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. மீதியை யோசிப்பதற்கு முன்னால் அந்த மனிதரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எந்தக் கப்பல், எந்தத் தேதி? “நிறைய வருது”, “மேலிடத்தில் பேசியாச்சு” என்பதெல்லாம் பதில் ஆகாது. கப்பலின் பெயர், வரும் நாள், கிளம்பும் நேரம் மூன்றும் வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், உல்லாசக் கப்பல் கம்பெனிகள் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் முன்பே டிக்கெட் விற்கத் தொடங்கிவிடும். எந்த நாள் எந்தத் துறைமுகம் என்று போடாமல் டிக்கெட் விற்க முடியாது. அதனால் அந்தப் பட்டியல் அவர்கள் இணையதளத்தில் ஊருக்கே தெரிய இருக்கும். அதில் தூத்துக்குடி பெயர் இல்லை என்றால் அந்தக் கப்பல் தூத்துக்குடிக்கு வரவில்லை. உங்கள் குழுவில் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் பத்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

நம் பக்கத்து வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மும்பை, கோவா, மங்களூர், கொச்சி என்று இறங்கி வருகிற கப்பல்களில் பல, கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு நேரே கொழும்புக்குப் போய்விடுகின்றன. நம் துறைமுகத்தில் ஆழம் ஒரு குறையே இல்லை. 14 மீட்டர் ஆழம் கேட்கிற சரக்குக் கப்பலே வந்து நிற்கிறது; உல்லாசக் கப்பலுக்கு 8, 9 மீட்டர் இருந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் கொச்சியில் 2021-ல் இதற்கென்றே தனி முனையம் திறந்துவிட்டார்கள். பஸ், கைடு, கடை, கழிப்பறை எல்லாம் அங்கே பழகிப்போன ஏற்பாடு. 2024 செப்டம்பர் 30-ல் மத்திய அரசு ‘க்ரூஸ் பாரத் மிஷன்’ என்று தொடங்கி, 2029-க்குள் கப்பல் பயணிகளை இரண்டு மடங்காக்குவோம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் அது நாடு முழுக்கப் போட்ட திட்டம். அந்தச் செய்தியை வெட்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பணம் பிரிக்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். உங்கள் ஆளும் ஒரு பேப்பர் கட்டிங் காட்டியிருப்பாரே?

அடுத்தது கடை. துறைமுகத்துக்குள் இடம் ஒதுக்குவது துறைமுக நிர்வாகம் மட்டும்தான். பணம் அவர்கள் கணக்குக்குப் போகும், அதற்கு ரசீது வரும். தனி ஆள் ஒருவர் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே இடம் தர முடியாது. வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். காவல் நிற்கிறது, பாஸ் இல்லாமல் ஈ, எறும்பு நுழையாது. பாஸுக்கு ஆதார், போட்டோ என்று கேட்டு முறையாகக் கொடுப்பார்கள். அதற்குத் தரகர் தேவையே இல்லை.

2011 ஜூனில் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? நான் அப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. எனக்குத் தெரிந்த ஒருவர், பனங்கற்கண்டும் கருப்பட்டியும் விற்கிறவர், பயணிகள் கூடத்தில் கடை என்று ஒரு தரகரிடம் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். கடையும் வரவில்லை, தரகரும் வரவில்லை. நவம்பரில் கப்பலும் நின்றுபோனது. கருப்பட்டியை ஏரலில் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளினார். அந்த ஆள் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

மகளிர் குழு என்பதால் உங்களுக்கு நேர்வழி ஒன்று உண்டு. கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மகளிர் திட்ட அலுவலகத்தில், “கப்பல் வரும் நாட்களில் விற்பனை மேசை வேண்டும்” என்று எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அலைய விடுவார்கள். இது சுற்றுலாத் துறை, அது துறைமுகம், அவர் லீவு என்பார்கள். கப்பல் வந்தால் மேளம் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து போட்டோ எடுக்க மட்டும் எல்லாத் துறையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஒரு மேசை போட இடம் கேட்டால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் சீல் வைத்த நகல் கையில் இருக்கட்டும்.

இப்போது லைசென்ஸ். வெளிநாட்டுக்காரர் உங்கள் மேசைக்கு வந்து, காசு கொடுத்து, பாயைக் கையில் வாங்கிக்கொண்டு போனால் அது உள்ளூர் வியாபாரம். ஏற்றுமதி லைசென்ஸ் வேண்டாம். ரூ.18,000 சுத்தப் பொய்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது வேண்டியிருக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு அம்மா பாயைப் பார்த்துவிட்டு, “இதேபோல ஆறு நெய்து என் ஊருக்கு அனுப்பு” என்று ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். நீங்கள் பார்சலில் அனுப்பினால் அது ஏற்றுமதி. அதற்கு ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண் வேண்டும். அதை வாங்கக் கட்டணம் ரூ.500, பான் கார்டும் பேங்க் கணக்கும் வைத்து வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுக்கலாம். பான் யார் பெயரிலோ எண்ணும் அவர் பெயரில்தான். குழுவுக்கென்று பான் இருந்தால் குழு பெயரில் எடுங்கள். எண் கிடைத்தபின், தபால் துறை இதற்கென்றே நடத்தும் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற ஏற்றுமதி மையம் வழியாகப் பார்சல் போடலாம். தரகர் இங்கே என்ன செய்வார் தெரியுமா? “உங்களுக்கு எதற்கு அலைச்சல், என் நம்பரிலேயே அனுப்பிவிடலாம்” என்பார். அவர் நம்பரில் போனால் பணம் அவர் கணக்கில் விழும். அப்புறம் நீங்கள் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். ஆக, ஆர்டர் வந்தபிறகு, உங்கள் பெயரில், ஐந்நூறு ரூபாயில் எடுத்தால் போதும். எடுத்தபின் வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, மறந்தால் எண் முடங்கிவிடும்.

டாலர் நோட்டு வாங்காதீர்கள். கள்ள நோட்டு பயம் ஒரு பக்கம். வெளிநாட்டுப் பணத்தை மாற்ற ரிசர்வ் வங்கி அனுமதி உள்ளவரால்தான் முடியும் என்பது இன்னொரு பக்கம். கப்பலில் வருகிறவர் கையில் ரூபாய் அதிகம் இருக்காது. குழுக் கணக்கு இருக்கிற பேங்கிலேயே ஸ்வைப் மெஷின் கேளுங்கள், வெளிநாட்டு கார்டு எடுக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

200 பாய் யோசனைதான் எனக்குப் பெரிய பயம். கப்பல் சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். நமக்கு வடகிழக்குப் பருவமழை அதற்குள்தான் வருகிறது. காற்று சரியில்லை என்று கேப்டன் நினைத்தால் துறைமுகத்தை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார், யாரிடமும் கேட்க மாட்டார். கடனுக்கு வட்டி ஓடும். அடுக்கி வைத்த கோரைக்கு ஐப்பசி, கார்த்திகை ஈரம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முழுப் பாயைவிட மேசை விரிப்பு, சின்னப் பை, மெல்லிய பட்டுப் பாயில் பெட்டிக்குள் மடித்து வைக்கிற அளவு, இவைதான் போகும். ஒவ்வொன்றிலும் கோரை, பருத்தி நூல் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு சீட்டு கட்டுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் செடி, புல்லால் செய்த பொருளை அங்கே இறங்கும்போது காட்டியாக வேண்டும். பூஞ்சையோ பூச்சியோ இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

இன்னொரு யோசனை. கப்பல் கம்பெனி, கரையில் ஊர் சுற்றிக் காட்ட ஒரு டூர் நிறுவனத்தை வைத்துக்கொள்ளும். அவர்கள் உள்ளூர் டிராவல்ஸிடம் பஸ் எடுப்பார்கள். அந்த பஸ் நெல்லையப்பர் கோயிலுக்கு வந்துசேரவே பதினொன்று ஆகிவிடும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இடையில் பயணிகளை எங்கே வைத்திருப்பது என்று கைடு தலையைப் பிய்த்துக்கொள்வார். பத்தமடை அங்கிருந்து இருபது கிலோமீட்டர்தான். தறியில் உட்கார்ந்து நெய்து காட்டினால், புவிசார் குறியீடு வாங்கிய பாய் இது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், துறைமுக மேசையில் ஒரு நாளில் விற்பது உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரத்தில் விற்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி டிராவல்ஸ்காரர்களுக்கு போட்டோவோடு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து வையுங்கள். கமிஷன் கேட்பார்கள். எவ்வளவு என்று பஸ் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

கொடுத்த ரூ.5,000-க்கு வருகிறேன். போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள். கையில் கொடுத்திருந்தால் இப்போதாவது ரசீது கேளுங்கள். தனியாகப் போகாமல் குழுவே சேர்ந்து போய், கப்பல் பெயர் எங்கே என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் பெயரும் வராமல் பணமும் வராமல் போனால் உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அந்த ஆள் அடுத்து எந்த ஊர்க் குழுவிடம் போயிருக்கிறார் என்றும் விசாரித்து, அவர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.