முருகன் ஒருவரா, மூவரா?

கேள்வி: முதியோர் இல்லம் நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. பன்னிரண்டு ஆண்டு நன்கொடை விவரங்கள் நான்கைந்து எக்செல் கோப்புகளில் இருக்கின்றன. புது மென்பொருள் வாங்கியிருக்கிறோம். விற்றவர், “கோப்புகளை அப்படியே அனுப்புங்கள், ஏற்றிவிடுகிறோம்” என்கிறார். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். ‘கே. முருகன்’, ‘முருகன் கே’, ‘கந்தசாமி முருகன்’ மூவரும் ஒருவர்தானா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் அலுவலகத்தில் ரசீது எழுதுபவருக்குத்தான் தெரியும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அசல் கோப்புகளைத் தொடாதீர்கள். நகல் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அந்த எண்ணை வைத்து அசலைப் பார்த்துக்கொள்ளலாம்.

பல மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். நம்மிடம் இருப்பது இனிஷியல். பான் அட்டையில் அதுவே அப்பா பெயராக விரிந்திருக்கும். எனவே ‘பான் அட்டைப் பெயர்’, ‘கடிதத்தில் அழைக்கும் பெயர்’ என்று இரண்டையும் தனித்தனியே வையுங்கள். இரட்டைப் பதிவுகளை முதலில் பான் எண்ணால் பிடியுங்கள். செல்பேசி எண் ஒன்று என்பதற்காக மட்டும் இணைத்துவிடாதீர்கள். கணவன், மனைவி, மகன் மூவரும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி சான்றிதழோ ஆளுக்கொன்று. பான் எண்ணின் நான்காவது எழுத்தையும் பாருங்கள். தனிநபருக்கு ‘பி’, நிறுவனத்துக்கு ‘சி’. தனிநபர் பெயருக்கு எதிரே ‘சி’ இருந்தால், கம்பெனி காசோலையை முதலாளி பெயரில் பதிந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

தேதியில் ஏமாந்துவிடாதீர்கள். 03/04/2023 என்பதை ஏப்ரல் 3 என்று படித்தால் நிதியாண்டு 2023-24; மார்ச் 4 என்று படித்தால் 2022-23. எல்லாவற்றையும் 2023-04-03 என்ற வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பணமா, காசோலையா என்ற கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி சலுகை கிடையாது.

பழைய கோப்புகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பெயர்கள் இருந்தால், இன்று எல்லா மென்பொருளும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் புது மென்பொருளில் முருகன் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரிவார்.

‘குறிப்பு’ என்ற கட்டத்தை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதுதான் பொக்கிஷம். ‘அம்மா திதி, ஆடி தேய்பிறை தசமி, மதிய உணவு’ என்று ஒரு வரி இருக்கும். இதைத் தேதிக் கட்டத்தில் போட்டால் மென்பொருள் ஆண்டுதோறும் ஒரே ஆங்கிலத் தேதியில் நினைவூட்டும். திதி அந்தத் தேதியில் வராது. அதை எழுத்தாகவே ஒரு தனிக் கட்டத்தில் வைத்து, ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கம் பார்த்து அந்த ஆண்டின் தேதியைப் பதியுங்கள். யார் நினைவாக என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். இறந்தவரே நன்கொடையாளராகப் பதிவாகி, அவர் பெயருக்கே நன்றிக் கடிதம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டு நிதி வாங்குபவர்கள் என்றால் அந்த வரிகளைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிடுங்கள். அதன் கணக்கே வேறு.

முடிவில் ஆண்டுவாரியாகக் கூட்டித் தணிக்கைக் கணக்குடன் ஒப்பிடுங்கள். நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க 2021-22 முதல் தாக்கல் செய்த 10பிடி படிவங்களுடனும் ஒப்பிடுங்கள். தொகை ஒத்துப்போன பிறகு ஐம்பது வரிகளை மட்டும் அனுப்பி ஏற்றச் சொல்லுங்கள். சுலபமானவற்றை அல்ல, திதி, கூட்டு நன்கொடை, திரும்பி வந்த காசோலை என்று சிக்கலானவையாகப் பொறுக்கி அனுப்புங்கள்.