சீசின்கோட்டில் நந்திக்கு என்ன வேலை?

வணக்கம் ஐயா,

மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது குளோஸ்டர்ஷயரில் சீசின்கோட் மாளிகையைப் பார்த்தோம். வீட்டுக்கு மேலே முகலாயக் குவிமாடம், தோட்டத்துப் பாலத்தில் நந்திகள், குளக்கரையில் சூரியன் கோயில்! பிரைட்டன் அரண்மனையைப் பார்த்துக் காப்பியடித்தது என்றார் உடன் வந்தவர். அப்படியா? இது நம் கலைமீது ஆசையா, வெறும் பகட்டா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

காப்பி விஷயம் தலைகீழ். சீசின்கோட் எழும்பத் தொடங்கியது 1805 வாக்கில். 1807-இல் பிரைட்டன் அரண்மனையின் சொந்தக்காரரான வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆனவர், வந்து பார்த்தார். கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் பிரைட்டனில் குவிமாடங்களை ஏற்றியதெல்லாம் 1815-க்கு அப்புறம். இளவரசரின் குதிரை லாயம் மட்டும் அங்கே முன்பே இந்தியச் சாயலில் தொடங்கியிருந்தது.

கட்டச் சொன்னவர் சார்லஸ் காக்கரெல், வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சம்பாதித்தவர். அப்படித் திரும்பியவர்களை ஊரார் 'நேபாப்' என்று கேலி செய்த காலம். மற்ற நேபாப்கள் கிரேக்கத் தூண் வைத்த வீட்டுக்குள் அந்தப் பணத்தை மறைத்தார்கள். இவர் கூரைமேல் ஏற்றிக் காட்டினார். பகட்டுதான், ஆனால் எனக்குப் பிடித்த பகட்டு.

வரைந்த கட்டடக் கலைஞர் அவருடைய சகோதரர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல். இந்தியாவையே பார்க்காதவர். அது கட்டடத்தில் தெரிகிறது. கூரைக்குக் கீழே நம் கோயில் கொடுங்கை மாதிரி நீளும் விளிம்பைக் கவனித்தீர்களா? வெயிலையும் மழையையும் தடுக்க வடக்கே பிறந்த உறுப்பு அது. வெயிலுக்கு ஏங்கும் ஊரில் அதற்கு வேலையே இல்லை. அதற்குக் கீழேயே பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள். நடுமுற்றம் கிடையாது. வளைந்து நீளும் அந்தக் கண்ணாடிச் சிறகு ஆரஞ்சு மரங்கள் வளர்க்கும் கூடம், ஆங்கிலப் பண்ணை மாளிகைகளின் வழக்கம். கதவைத் திறந்து உள்ளே போனால் முழுக்க கிரேக்க, ரோமானிய அலங்காரம். சட்டை மட்டும்தான் முகலாயம்.

தோட்டத்தின் கதை வேறு. அதற்கு யோசனை சொன்ன ஓவியர் தாமஸ் டேனியல் இந்தியாவை நடந்து பார்த்தவர். உங்கள் ஊர் திருமலை நாயக்கர் மகாலை 1792-இல் வரைந்தவரும் அவரே. நந்திகளும் சூரியனும் அவர் வழியாக வந்தவர்கள். ஆனாலும் அந்த நந்திகளுக்கு எதிரே சிவன் இல்லை, கீழே ஓடைதான்.

மறுபடி போனால் பாலத்துக்கு அடியில் இறங்குங்கள். ஓடைக்குள் கால் வைத்துக் கடக்கக் கற்கள் உண்டு. அங்கே நின்று தூண்களைப் பார்த்தால் மும்பைக்குப் பக்கத்து எலிபெண்டா குகை ஞாபகம் வரும்.