தண்ணீர் ஓடும் பக்கம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஊரக வளர்ச்சித் துறையில் ஓவர்சியராகச் சேர்ந்து, உதவிச் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலை மாவட்டத்தில், பெரும்பாலும் செங்கம், போளூர் ஒன்றியங்களில் வேலை பார்த்தார். இப்போது கொருக்குப்பேட்டையில் எங்களோடு இருக்கிறார். அவருடைய பணிக்காலத்தை எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். கேட்டால், "ரோடு போட்டேன், தொட்டி கட்டினேன், இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று முடித்துவிடுகிறார். மழை பெய்தால் மட்டும் குடையோடு தெருவில் இறங்கி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கிருந்து தொடங்குவது?

ம., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ம.,

அந்தக் குடையிலிருந்தே தொடங்குங்கள்.

வயல்வெளியில் மண் கொட்டி உயர்த்திய சாலை ஒரு கரைதான். சரியான இடத்தில், அடியில் தண்ணீர் கடந்துபோகச் சிறுபாலம் வைக்காவிட்டால் மேல்பக்கத்துப் பயிர் அழுகும், கீழ்ப்பக்கத்து ஏரிக்கு வரத்து நின்றுபோகும். பிறகு ஊரார் ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையை வெட்டிவிடுவார்கள். அவர்கள்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

திருவொற்றியூர்க்காரனான எனக்கு இது 2021 நவம்பரில்தான் உறைத்தது. கொசஸ்தலை ஆற்று வெள்ளம் மணலி புதுநகருக்குள் புகுந்திருந்தது. ஓரிடத்தில் சாலையின் ஒரு பக்கம் முழங்கால் அளவு தண்ணீர், மறுபக்கம் வெறும் ஈரம். நடுவில் இருந்த குழாய்ப் பாலத்தின் வாயைக் குப்பை அடைத்திருந்தது. இரண்டு பேர் கடப்பாரையால் அதைக் குத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துச் சடையன்குப்பமும் இடையஞ்சாவடியும் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை ஊராட்சிகள்தான். அங்கும் உங்கள் அப்பாவைப் போன்ற ஓர் ஓவர்சியர் நூல் பிடித்துத்தான் சாலை போட்டிருப்பார்.

அடுத்து, 'எம்.புக்' பற்றிக் கேளுங்கள். அளவுப் புத்தகம். பக்கங்களுக்கு எண் உண்டு, கிழிக்க முடியாது, திருத்தினால் அடித்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதில் ஏறும் நீளம், அகலம், கனத்தை வைத்துத்தான் பில் பாஸாகும். ஜல்லி அடுக்கு உருட்டியபின் 75 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஓவர்சியர் குழி தோண்டி அளக்கிறார், 60தான் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் பக்கத்தில் நிற்கிறார். நிதியாண்டு முடிய நான்கு நாள். அந்த 15 மில்லிமீட்டரில் ஓர் அரசு ஊழியரின் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அப்படி ஒரு நாள் உங்கள் அப்பாவுக்கும் வந்திருக்கும். என்ன எழுதினார்? அதனால் இடமாற்றம் வந்திருந்தால் அந்த ஊரின் பெயரையும், அங்கே நீங்கள் எந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் வந்தபோது, சமவெளியில் 500 பேராவது வாழும் குடியிருப்புக்குத்தான் சாலை என்று வரம்பு வைத்தார்கள். 480 பேர் இருந்த ஊரிலிருந்து யாராவது மனுவோடு வந்து நின்றிருப்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்லி அனுப்பினார்?

நூறு நாள் வேலையை விட்டுவிடாதீர்கள். 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஏரிக்குள் பெண்கள் வெட்டிய குழிகளை அளந்து கணக்கெழுதியவர்கள், நடவுக்கு ஆள் வரவில்லை என்று நிலக்காரர்களிடம் வசவும் வாங்கியிருக்கிறார்கள். இரண்டையும் எழுதுங்கள்.

ஆனால் சாலை வந்தபிறகு மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை எடுக்க வியாபாரி ஊருக்குள்ளேயே வந்தாரா, பால் வண்டி எத்தனை மணிக்கு வந்தது, பிரசவ வலி கண்டவளைக் கட்டிலில் தூக்கிப்போவது எந்த வருடத்தோடு நின்றது என்பதையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல முடியும். ஆகவே ஒரு மழைக்காலத்தில் அப்பாவை அழைத்துக்கொண்டு செங்கத்துக்கு பஸ் ஏறுங்கள். அவர் போட்ட சாலை ஒன்றில் இறங்கி நடங்கள். முதல் சிறுபாலம் வந்ததும் குனிந்து குழாய்க்குள் பார்ப்பார். தூர்ந்திருந்தால் அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.