மூச்சு, முதுகு, கோவம்: யோகா, தியானம் பத்தி நீங்க கேட்டதும் என் பதிலும்

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல "செய்யுதேன், ஆனா வளருதேனா இல்லியான்னு எப்படித் தெரிஞ்சுக்க?"ங்கறதுலதான் வந்து நிக்குது. சில கேள்விக்கு நெறய சொல்ல வேண்டியிருக்கு, சிலதுக்கு ரெண்டு வரி போதும்.

முக்கூடல் பக்கம் பீடி சுத்துதேன். காலைல இருந்து சொளவ மடியில வச்சு உக்காந்தே இருக்கேன், கழுத்தும் முதுகும் விட்டுப் போவுது. இதுல தியானத்துக்கும் உக்காரச் சொல்லுதாங்களே?

அக்கா, நீங்க உக்காரவே வேண்டாம். சம்மணம் போட்டாத்தான் தியானம்னு யாரோ சொல்லி வச்சுட்டாங்க, அத விடுங்க. எல வெட்டி, தூள் வச்சு, சுருட்டி, நூல் கட்டின்னு நாள் பூரா தல குனிஞ்சு, தோள் ரெண்டும் முன்னால மடங்கியே கெடக்கு, அதனால ஒடம்ப அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் கொண்டு போகணும். ஒவ்வொரு தடவ கட்டுப் போட்டு முடிச்சதும் எந்திரிச்சு சொவத்தோட ஒட்டி நில்லுங்க, குதிகால், இடுப்பு, பின்னந்தல மூணும் சொவத்துல படணும், கைய மேல தூக்கி அஞ்சு மூச்சு, அவ்வளவுதான். சாயந்தரம் குப்புறப் படுத்து முழங்கைய தரையில ஊனி நெஞ்ச மட்டும் தூக்குங்க, புஜங்காசனத்துல இந்த அளவு போதும், போட்டோல இருக்க மாதிரி வளைய வேண்டாம்.

இன்னொண்ணு, புகையிலைத் தூள் பறக்க எடத்துல மூச்சுப் பயிற்சி வேண்டவே வேண்டாம். கைகால் மூஞ்சி கழுவி, சேலைய மாத்திட்டு, காத்தோட்டமான எடத்துல மல்லாக்கப் படுத்து முட்டிய மடக்கி வச்சு, ஒரு கைய வயித்து மேல வைங்க. வயிறு ஏறுது, எறங்குது. அதப் பாத்துக்கிட்டே கெடக்கதும் தியானந்தான், அதுல ஒண்ணும் மட்டம் கெடையாது. ஒறங்கிட்டா ஒறங்குங்க, ஒடம்பு கேக்குதுன்னு அர்த்தம். விரல் மரத்துப் போறது, வலி தோள்ல இருந்து கை வழியா எறங்குறதுன்னு இருந்தா மட்டும் ஆசனத்த நிப்பாட்டிட்டு டாக்டர்ட்ட காமிங்க.

பென்ஷன்காரன், பாளையங்கோட்டை. பிபி மாத்திரை சாப்பிடுதேன். வீடியோ பாத்து 16 எண்ணி மூச்ச இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடுதேன். நெஞ்சு இறுக்கமா இருக்கு, தல கிர்ருங்குது. பழகினா சரியாயிருமா?

அண்ணாச்சி, இன்னைக்கே நிப்பாட்டுங்க. நெஞ்சு இறுக்கம்னு வந்துட்டா அது யோகா மாஸ்டர் பாக்க விஷயம் இல்ல, மொதல்ல டாக்டர்ட்ட போய் இதே வார்த்தைல சொல்லுங்க, பெறவு மத்தது.

அந்தக் கணக்கு பொய் இல்ல, திருமந்திரத்துல மூணாம் தந்திரத்துல அப்படியேதான் இருக்கு. ஆனா அதே எடத்துல இயமம் (செய்யக் கூடாதது), நியமம் (செய்ய வேண்டியது), ஆசனம்னு மூணு படி தாண்டித்தான் பிராணாயாமம்ங்க மூச்சுப் பயிற்சி வருது, அதுவும் பக்கத்துல குரு இருந்து, மொகத்தப் பாத்து, மூச்சப் பாத்து ஏத்துன கணக்கு. படிய விட்டுட்டு நம்பர மட்டும் எடுத்து வீடியோல போட்டுட்டா அதப் பாக்க ஆளுக்கு பிபி இருக்கா இல்லியான்னு வீடியோவுக்குத் தெரியுமா? பிபி, இருதயக் கோளாறு, கண்ணுல பிரஷர், மாசமா இருக்க பொண்ணுங்க, இவங்க யாரும் மூச்ச அடக்கவே கூடாது, கபாலபாதி மாதிரி வேகமா அடிக்கதும் வேண்டாம்.

டாக்டர் சரின்னு சொன்னப்பெறவு இதச் செய்யுங்க: 4 எண்ணி இழுங்க, 6 எண்ணி விடுங்க, நடுவுல அடக்காதீங்க. ஒரு எண்ணிக்க ஒரு செகண்ட்னு வச்சா நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும், சும்மா இருக்கும்போது நாம விடுதது 12ல இருந்து 20 வரைக்கும். விடுத மூச்சு நீளும்போது இருதயத் துடிப்பு பைய எறங்கும், மனசு அமைதியாவுறதுக்கு அதுவும் ஒரு காரணம். அஞ்சு நிமிஷம் போதும். 6 எண்ண முடியலன்னா 5, முக்கிப் பிடிக்காதீங்க. மாத்திரைய நீங்களா கொறைக்காதீங்க.

பத்தமடைப் பாய் போதுமா, ரப்பர் மேட் வாங்கணுமா?

உக்கார, படுக்க கோரப்பாய் அருமை, வேர்வைக்கும் சுகமா இருக்கும். டைல்ஸ் தரையில பாய் வழுக்கும், அதனால நின்னு செய்யுத ஆசனத்த வெறுந்தரையில வெறுங்கால்ல செய்யுங்க. முட்டிக்கு அடியில ஜமுக்காளத்த மடிச்சுப் போட்டுக்கோங்க. மேட்டுக்காக ஆரம்பிக்கதத் தள்ளிப் போடாதீங்க.

எங்க வீட்டுக்காரர் எட்டு வருஷமா வெள்ளனே எந்திரிச்சு யோகா, தியானம் எல்லாம் பண்ணுதாரு. அந்த நேரத்துல குக்கர் விசில் அடிச்சாக்கூட கத்துதாரு, பிள்ளைங்க பயந்து நடக்கு. இதான் ஆன்மிக வளர்ச்சியா?

இல்ல தங்கச்சி. எட்டு வருஷம் உக்காந்திருக்காரு, அது சின்ன விஷயம் இல்லதான், ஆனா நீங்க கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. எட்டுப் படி உள்ள அட்டாங்க யோகத்துல தியானம் ஏழாவது, மொதப் படி இயமம், அதுலயும் மொத வார்த்த அகிம்சை. அது கொல்லாம இருக்கது மட்டும் இல்ல, வார்த்தையால, மொறைக்க மொறைப்பால வீட்டுல இருக்கவங்கள நோகடிக்காம இருக்கதும்தான். மொத ஆறையும் விட்டுட்டு ஏழுக்குத் தாவினா அங்க கெடைக்க அமைதி "என் அமைதி"ன்னு ஆயிரும், அதத் தொட்டவன் எல்லாம் எதிரி ஆயிருவான். நெறய பேருக்கு நடக்கது இதுதான், ரொம்ப செரத்தையா செய்யுதவங்களுக்கும் நடக்கு.

நம்ம பத்தமடைல 1887ல பிறந்தவரு சுவாமி சிவானந்தர், மலேயாவுல டாக்டரா இருந்துட்டு எல்லாத்தையும் விட்டு ரிஷிகேஷ் போனவரு, 1936ல தெய்வ நெறிக் கழகத்த ஆரம்பிச்சவரு. அவரு தன் சீடருங்கள ஒரு டைரி எழுதச் சொன்னாரு. எத்தன மணி நேரம் ஒறங்குன, எவ்வளவு ஜெபம் பண்ணுனங்கதோட, எத்தன பொய் சொன்ன, எத்தன தடவ கோவப்பட்ட, அதுக்கு உனக்கு நீயே என்ன தண்டன குடுத்துக்கிட்டன்னும் அதுல எழுதணும். எனக்கு அவருகிட்ட ரொம்பப் பிடிச்ச விஷயம் இது, மந்திரக் கணக்கும் கோவக் கணக்கும் ஒரே பக்கத்துல.

உங்க வீட்டுக்காரர ஒரு நாப்பது பக்க நோட்டு எடுக்கச் சொல்லுங்க. கோவம் எப்ப வந்துச்சு, யார் மேல, எவ்வளவு நேரம் நின்னுச்சு, ராத்திரி படுக்கதுக்கு முன்னால மூணு வரி. மொதல்ல எண்ணிக்க கூடத்தான் செய்யும், ஏன்னா இத்தன நாள் கண்ணுலயே படாதது இப்ப படுது, அதுக்குப் பயப்பட வேண்டாம். கோவம் வராமப் போறது ரொம்பப் பின்னால, மொதல்ல வர்ற மாத்தம் வேற: கோவம் வந்ததுக்கும் வாயத் தொறக்கதுக்கும் நடுவுல ஒரு மூச்சு எடம் கெடைக்கும். எட்டு வருஷத்துப் பயிற்சி வீணா இல்லியான்னு அந்த எடத்துலதான் தெரியும். அதுவரைக்கும் காலைல குக்கர அவரே வச்சு, அவரே எறக்கிட்டு, பெறவு போய் உக்காரட்டும். வெளையாட்டுக்குச் சொல்லல, அந்த வேலையும் சேந்துதான் சாதனை.

கண்ண மூடினா நீலமா வெளிச்சம் தெரியுது. முதுகுத்தண்டு அடியில ஒறங்குதுன்னு சொல்லுத குண்டலினி சக்தி எந்திரிச்சுட்டா? பொதிகை போய் அகத்தியரத் தரிசிச்சா சீக்கிரம் மேல போயிரலாமா?

தம்பி, கண்ண மூடினா புள்ளி, கலர், வெளிச்சம்லாம் எல்லாருக்கும் தெரியும், கண்ணும் மூளையும் இருட்டுலயும் சும்மா இருக்காது. வந்தா வரட்டும், பின்னாலயே போகாதீங்க, மூச்சுக்குத் திரும்பி வாங்க. கண்ணத் தொறந்திருக்கும்போதே மின்னல் மாதிரி வெட்டுனாலோ, திடீர்னு கரும்புள்ளி பறந்தாலோ அன்னைக்கே கண் டாக்டர்ட்ட போங்க, அது வேற விஷயம். பொதிகை 1868 மீட்டர் ஒசரம், நம்ம தாமிரபரணி பொறக்க மலை, வனத்துறை அனுமதி வாங்கிட்டு தாராளமா போங்க, ஆனா பக்திக்காகப் போங்க, வேகத்துக்காகப் போகாதீங்க.

நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. ஓம் சொல்லாம தியானம் செய்யலாமா?

செய்யலாம். இது எந்த மரபுல இருந்து வந்துச்சுங்கத மறைக்க வேண்டாம், அதே மரபுல யோக சூத்திரம் எழுதுன பதஞ்சலியே மனசுக்குப் பிடிச்சது எதுவோ அத வச்சுத் தியானிக்கலாம்னு ஒரு சூத்திரத்துல சொல்லிருக்காரு. நீங்க தெனமும் செய்யுத ஜெபத்துல இருந்து ஒரு சின்ன வரிய எடுத்து மூச்சோட சேத்துக்கோங்க. எதுவும் வேண்டாம்னா மூச்சு மட்டும்.

மகனுக்கு 19 வயசு. 10 நாள் மௌன முகாமுக்குப் போணும்ங்கான். எங்க அம்மை "தியானம் பண்ணா கோட்டி பிடிச்சிரும்"னு அழுதா. அனுப்பலாமா?

ஆச்சி பயப்படுதத ஒதுக்கிராதீங்க. தெனமும் இருவது நிமிஷம் உக்காரதுல சாதாரணமா ஒண்ணும் ஆகாது. ஆனா விபாசனா மாதிரி முகாம்ல ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 10 மணி நேரம், பேச்சு கெடையாது, போன் கெடையாது, அது வேற அளவு. பையனுக்கோ நெருங்கின சொந்தத்துலயோ மனச்சிதைவு, இருதுருவ நோய் (பைபோலார்), கடுமையான மனச்சோர்வுன்னு இருந்திருந்தா மனநல டாக்டர்ட்ட கேக்காம அனுப்பாதீங்க, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தா தியானத்துக்காக அத நிறுத்தவே கூடாது.

அப்படி எதுவும் இல்லன்னாலும் மொதல்ல ரெண்டு மூணு மாசம் வீட்டுலயே தெனம் இருவது நிமிஷம் உக்காரட்டும். அதுல ஒறக்கம் நல்லா இருக்கா, சாப்பிடுதானா, கூடப் பொறந்தவங்களோட பேசுதானான்னு பாருங்க. ராத்திரி ராத்திரியா ஒறக்கம் வராம இருக்கது, காதுல கொரல் கேக்கதுன்னு சொல்லுதது, தனக்குன்னு பெரிய கட்டளை வந்திருக்குன்னு பேசுதது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் தியானத்த ஒடனே நிப்பாட்டி, சாப்பிட வச்சு, நடக்க வச்சு, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. எல்லாம் சரியா இருந்து முகாமுக்கு எழுதிப் போடும்போது பாரத்துல ஒடம்பு, மனசு பத்தி கேக்க கேள்விக்கு ஒண்ணும் மறைக்காம எழுதச் சொல்லுங்க, நீங்களும் ஒரு தடவ வாசிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க.