டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் கல்யாணப் படங்களில் வெள்ளை வேட்டி மடிப்பே தெரியாமல் வெளுத்துப்போகிறதா?

கேமராவில் வைத்திருக்கும் அந்த +1ஐ எடுத்துவிடுங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா கணிக்கும் வெளிச்ச அளவை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) 0க்கு வந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஃபிலிம் பழக்கத்தில் ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூட்டியே எடுப்பதாகவும், வெயிலில் நிற்கும் மாப்பிள்ளையின் வேட்டி வெறும் தாள் மாதிரி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கலர் நெகட்டிவ் ஃபிலிம் இரண்டு ஸ்டாப் கூடினாலும் தாங்கும். சென்சார் அப்படியில்லை; பிக்சல் நிரம்பிவிட்டால் அதிலிருந்து மீட்க ஒன்றும் மிஞ்சாது. வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் வெளுத்துவிடும் ஸ்லைடு ஃபிலிம் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், கை தானே பழகிவிடும்.

சோதித்துப் பார்க்க:

1. பிளேபேக் மெனுவில் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்யுங்கள்; வெளுத்துப்போன இடம் திரையில் மின்னும். நிகானில் பிளேபேக் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் என்பதற்குள் இருக்கும்.
2. அதே வெயிலில் 0, −1/3, −2/3 என மூன்று படம் எடுங்கள். வேட்டியில் கறுப்பாக மின்னுவது எதில் நிற்கிறதோ அதுதான் உங்கள் அளவு. பித்தளைக் குத்துவிளக்கின் பளபளப்பு மின்னினால் விட்டுவிடுங்கள்.
3. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் (சிவப்பு, பச்சை, நீலத்தின் வெளிச்ச அளவைத் தனித்தனியே காட்டும் வரைபடம்; வலது ஓரம்தான் மிக வெளிச்சம்) சிவப்பையும் பாருங்கள். வேட்டி தப்பினாலும் அரக்குப் பட்டில் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டும். ஜரிகைக்குப் பக்கத்து நெசவு அப்பிக்கொள்ளும்.

ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுங்கள். ஹைலைட் எச்சரிக்கை ஜேபெக்கை வைத்துக் காட்டுவது, ராவில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும்.

ஒன்று: எப்போதும் குறைத்தே எடுக்காதீர்கள். ஃபிரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அங்கே + தேவைப்படும். மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200ல் குறைத்து எடுத்துப் பிறகு வெளிச்சத்தைத் தூக்கினால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும்.