வெரிகோசில் இருப்பவருக்குக் காலும் கனத்து வீங்கினால், இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இடது விதைப்பையில் வெரிகோசில் (விதையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகள் விரிந்து புடைத்த நிலை) இருப்பதாகவும், மாலையானால் இடது காலும் கனத்துக் கணுக்காலில் வீக்கம் காண்பதாகவும் எழுதி, ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். இரண்டும் உள்ளவன் என்பதால், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

பெரும்பாலும் ஒன்றிலிருந்து மற்றொன்று வருவதில்லை. இடது விரைச் சிரை (விதையின் சிரை) வயிற்றுக்குள் நெடுந்தூரம் மேலேறி, இடது சிறுநீரகச் சிரையில் ஏறக்குறைய செங்கோணத்தில் சேர்கிறது. வலப்பக்கத்துச் சிரையோ இதயத்துக்குச் செல்லும் பெருஞ்சிரையிலேயே சாய்வாக இணைந்துவிடுகிறது. ஆண்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்குக் காணப்படும் வெரிகோசில் பெரிதும் இடப்பக்கமே வருவதற்கு இந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம். காலின் இரத்தமோ தொடைச் சிரை, இடுப்புச் சிரை வழியாகப் பெருஞ்சிரையை அடைகிறது. விதைப்பைத் தோலின் சிறு சிரைகள் சில, தொடை இடுக்கில் காலின் பெரிய சஃபீனஸ் சிரையோடு சேர்வது உண்மையே எனினும், வழக்கமான வெரிகோசிலில் பின்னொழுக்கு (இரத்தம் பின்னோக்கித் திரும்புவது) நிகழ்வது அவற்றில் அன்று, விரைச் சிரையில்.

அப்படியானால் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது வேறு வகையானது. இரண்டிலும் சிரையின் சுவர் தளர்ந்து, வால்வுகள் சரியாக மூடாமல், இரத்தம் கீழ்நோக்கித் திரும்புகிறது. வெரிகோசில் உள்ளவர்களிடம் கால் சிரைகளின் பின்னொழுக்கு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. உடன் காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பிறப்பிலேயே சிரைகள் தளர்வாக அமைந்த ஒருவருக்கு இரண்டு இடங்களிலும் அது வெளிப்படலாம் என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

உங்களுக்கு இடது கால் மட்டும் வீங்குவதால் மருத்துவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். வலது இடுப்புத் தமனி இடது இடுப்புச் சிரையை முதுகெலும்போடு சேர்த்து அழுத்தும் நிலை ஒன்று உண்டு. 1957இல் அதை விவரித்தவர்களின் பெயரால் மே-தர்னர் நோய்க்குறி என்கிறார்கள். அடைப்பு அங்கே இருந்தால், காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறையை மட்டும் மாட்டிக்கொண்டு காலம் கடத்துவதில் பயனில்லை.

வெரிகோசிலுக்கு அறுவை செய்துகொண்டால் கால் கனமும் போய்விடும் என்று நம்பி நான்கூடச் சில காலம் காத்திருந்தேன். அறுவைக்குப் பின் விதைப்பை வலி குறைந்தது, கால் அப்படியேதான் இருந்தது. ஆகவே காலுக்குத் தனியாக டாப்ளர் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலியலைச் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள், அதுவும் நின்ற நிலையில். படுத்திருக்கும்போது பின்னொழுக்கு தெரியாமலே போகக்கூடும். கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, படுத்தாலும் வடியாத வெரிகோசில் புதிதாகத் தோன்றினாலோ நாள் கடத்தாதீர்கள். முன்னதில் ஆழ்சிரையில் இரத்தக் கட்டும், பின்னதில் வயிற்றுக்குள், குறிப்பாகச் சிறுநீரகத்தில், கட்டியும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.