வாசகர் கேள்வி – பதில்: கடற்கரையில் ஒற்றைக் கூடாரம்

கேள்வி: மணப்பாடு பக்கம் ஆளில்லாத கரையில் தனியாக ஓர் இரவு தங்க ஆசை. மணலில் கூடாரம் நிற்குமா?
– வாசகர், மதுரை

பதில்: முளைக்கம்பியை நம்பாதீர்கள், காய்ந்த மணலில் உருவிக்கொண்டு வந்துவிடும். காலியான ஐந்து கிலோ அரிசிப் பைகள் நான்கை எடுத்துப்போய் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, நடுவில் கயிறு பிணைத்து ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். மேலே ஈர மணலைப் போட்டு மிதித்து இறுக்குங்கள். மாலையில் கடலிலிருந்து வீசும் காற்று, பின்னிரவில் கரையிலிருந்து திரும்பி வீசும். அதனால் நான்கு மூலையும் கட்டவேண்டும்.

இடம்தான் முக்கியம். அலை ஒதுக்கிய பாசி, சிப்பி வரிசையைத் தாண்டி, அடப்பங்கொடி படர்ந்த மேட்டுக்கும் பின்னால் போடுங்கள். கொடியின் மேலேயே வேண்டாம், மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துவதே அதுதான். ராவணன் மீசைப் புல் இருந்தால் விலகுங்கள். அதன் முள் கூடாரத்தின் அடித்துணியைக் குத்திக் கிழிக்கும். கள்ளக்கடல் காற்றே இல்லாமல் வரும். தொலைதூரத் தென்கடல் புயல் எழுப்பும் அலை அது. கிளம்பும் அன்று, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையைப் பாருங்கள்.

ஊர்ப் பெரியவர்களிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொண்டு தங்குங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவசர எண் 1093. குடிக்க, சமைக்க ஐந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். வெள்ளை விளக்கு எரியக்கூடாது.

கேள்வி: மன்னார் வளைகுடாத் தீவுகளில் தங்கலாமா?

பதில்: கூடாது. அந்த 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

கேள்வி: காலையில் கரையில் வாங்கிய காணாங்கெளுத்தியை மாலையில் குழம்பு வைத்தேன். நாற்றமே இல்லை, ஆனாலும் முகம் சிவந்து அரித்தது. ஏன்?

பதில்: காணாங்கெளுத்தி, சூரை இரண்டும் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற, அரிப்பை உண்டாக்கும் வேதிப்பொருள் சேரும். நாற்றம் வருவதற்கு முன்பே சேர்ந்துவிடும், கொதிக்கவைத்தாலும் போகாது. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். மீன் ஒவ்வாமையும் இப்படித்தான் காட்டும் என்பதால் மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு வையுங்கள். அதைவிட நல்லது, படகு வந்ததும் கால் கிலோ நெத்திலி வாங்கி உடனே சமைப்பது. தலை கிள்ளிக் கழுவி, அரை மாங்காய், ஆறு சின்ன வெங்காயம், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், சிறிது மஞ்சள், உப்பு, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி, சிறுதீயில் பத்து நிமிடம் வையுங்கள். கரண்டி போட்டால் மீன் உடையும். சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். வலையில் பேத்தை மீன் இருந்து யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதன் நஞ்சும் சமைத்தால் போகாது.